நாற்காலிக் காலைக் கவ்விய விரல்கள்

"வேலை செய்யும்போது உங்கள் பாதங்கள் எங்கே இருக்கின்றன?" என்று இயன்முறை மருத்துவர் கேட்டார். பிடரியில் தொடங்கி வலது தோள்பட்டை வரை இறங்கும் வலிக்காக அவரிடம் போயிருந்தேன். கழுத்தைப் பற்றியோ தலையணையைப் பற்றியோ கேட்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். "தரையில்தான் இருக்கும்" என்றேன். "நாளைக்குப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

என் தொழில் மெய்ப்புத் திருத்துவது. அதிலும் என்னிடம் வருபவை பெரும்பாலும் எண்கள் நிறைந்த அட்டவணைகள். மூலப் படியைத் திரையின் இடப்பக்கத்திலும் அச்சுக்குப் போகவிருக்கும் படியை வலப்பக்கத்திலும் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எண்ணையும் அதன் இணையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். 0.0683 என்பது 0.0638 என்று மாறியிருந்தால் அதைக் காட்டிக்கொடுக்க எந்த அகராதியும் வராது. தனித்தனியே பார்த்தால் இரண்டுமே குற்றமற்ற எண்கள். இந்த வேலையில் உடம்பு செய்வது என்று பார்த்தால், ஆள்காட்டி விரல் மவுஸின் உருளையைச் சிறிது சிறிதாக நகர்த்துவது மட்டுந்தான். ஆனாலும் மாலையில் எழுந்திருக்கும்போது நாள் முழுவதும் மூட்டை சுமந்தவரைப் போல் என் தோள்கள் கனக்கும்.

மறுநாள் முற்பகலில், ஓர் அட்டவணையின் நடுவில், அவர் கேட்டது நினைவுக்கு வந்து குனிந்து பார்த்தேன். செருப்புகள் தரையில் கிடந்தன. பாதங்கள் அவற்றில் இல்லை. இரண்டு கால்களும் பின்னுக்கு மடங்கி, சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியின் அடிக்கால்கள் இரண்டைக் கட்டைவிரலும் அடுத்த விரலும் சேர்த்துக் கவ்விப் பிடித்திருந்தன. பிடித்த பிடியில் விரல் நுனிகள் வெளுத்திருந்தன. அதைக் கண்டதும் மற்றவையும் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருந்தன. வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை உயரத்தில் நின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, மூச்சை உள்ளே இழுத்து அப்படியே நிறுத்தியிருந்தேன். ஒரு வரிசை எண்களை ஒப்பிட்டு முடிக்கும்வரை என் மூச்சு வெளியே போவதில்லை என்பதை அன்று முழுவதும் கவனித்து உறுதிசெய்துகொண்டேன். சும்மா உட்கார்ந்திருப்பதாக நான் நம்பிக்கொண்டிருந்த அத்தனை மணி நேரமும் என் உடம்பு ஓய்ந்திருக்கவே இல்லை. ஓட்டப்பந்தயத்தின் தொடக்கக் கோட்டில் நிற்பவரைப் போல் முறுக்கேறி நின்றிருக்கிறது. ஓடச் சொல்லும் சத்தம் மட்டும் கடைசிவரை வரவில்லை.

மூளை வேலையின்போது உண்டாகும் மன அழுத்தத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் அந்த வெளுத்த விரல் நுனிகள்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன. அழுத்தத்தை மனத்தின் சங்கதியாகவும் அசைவை உடம்பின் சங்கதியாகவும் பிரித்து வைத்துக்கொள்கிறோம். மேசைமுன் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் அந்தப் பிரிவினை நிற்பதில்லை.

இதை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் பார்த்திருக்கிறார். தொழில்களால் வரும் நோய்களைப் பற்றி 1700-இல் ஒரு நூல் வெளியிட்ட இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸீனி, 1713-ஆம் ஆண்டின் விரிவான பதிப்பில் எழுத்தர்களையும் பத்திரம் எழுதுவோரையும் சேர்த்துக்கொண்டார். அவர்களுடைய துன்பத்துக்கு அவர் மூன்று காரணங்கள் சொன்னார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது ஒன்று. கை எந்நேரமும் ஒரே போக்கில் அசைந்துகொண்டிருப்பது மற்றொன்று. ஏட்டில் பிழை விழுந்துவிடக் கூடாதே, முதலாளிக்கு நட்டம் வந்துவிடக் கூடாதே என்று மனம் படும் பாடு மூன்றாவது. இறகுப் பேனா போய்விட்டது, மையும் போய்விட்டது. அந்த மூன்றாவது காரணம் என் மேசைமேல் அப்படியே இருக்கிறது. இருக்கையையும் கையையும் மனத்தையும் ஒரே வரியில் அவர் நிறுத்தியதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிற்காலத்து அலுவலகங்கள் முதல் இரண்டையும் நாற்காலி வாங்குபவரிடமும் மூன்றாவதை மனநல ஆலோசகரிடமும் தனித்தனியே ஒப்படைத்துவிட்டன.

உடம்புக்குள் நடப்பது என்ன? அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் வால்டர் கேனன், அச்சமும் சினமும் எழும்போது அட்ரினலின் சுரந்து, இதயத் துடிப்பு கூடி, கல்லீரல் சர்க்கரையை இரத்தத்தில் இறக்கி, குருதி செரிமானப் பாதையிலிருந்து தசைகளுக்குத் திரும்புவதை 1915-இல் விளக்கினார். எதிர்த்து நிற்கவோ ஓடித் தப்பவோ உடம்பு செய்துகொள்ளும் ஆயத்தம் அது. இந்த ஆயத்தத்துக்குப் புலி வேண்டியதில்லை, கணக்கே போதும். ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் 1993-இல் உருவாக்கப்பட்ட அழுத்தச் சோதனை ஒன்று இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பயன்படுகிறது. முகத்தில் உணர்ச்சி காட்டாத நடுவர்களின் முன்னால் ஐந்து நிமிடம் பேச வேண்டும். பிறகு ஐந்து நிமிடம், 1022-இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். 1009, 996, 983. தவறினால் மறுபடியும் 1022-க்குப் போக வேண்டும். இவ்வளவே போதும், துடிப்பு எகிறுகிறது. உமிழ்நீரில் கார்ட்டிசால் என்னும் அழுத்த இயக்குநீர் ஏறுகிறது. அதிலும் கார்ட்டிசாலின் உச்சம் சோதனை நடக்கும்போது வருவதில்லை. முடிந்து 10 முதல் 20 நிமிடங்கள் கழித்து, பேசியவர் ஓரமாக உட்கார்ந்திருக்கும்போது வருகிறது. இதைப் படித்தபோது, கடினமான அட்டவணை ஒன்றை முடித்து அனுப்பிவிட்டு, எளிய பக்கம் ஒன்றில் இருக்கும்போது ஏன் என் கை இலேசாக நடுங்குகிறது என்ற நெடுநாள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்தது போலிருந்தது.

ஓடுவதற்காகத் திரட்டிய சர்க்கரையும் கூட்டிய துடிப்பும் ஓட்டம் இல்லாதபோது எங்கே போகும்? ஒரு பகுதி தோளுக்குப் போகிறது. மன அழுத்தம் தரும் கணக்கொன்றைக் கொடுத்துவிட்டுக் கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் தசையின் மின்னியக்கத்தை அளந்தால், கையில் எந்தச் சுமையும் இல்லாதபோதே அது கூடுகிறது. ஸ்வீடனைச் சேர்ந்த யோரான் ஹெக் 1991-இல் இதற்கு ஒரு கருதுகோள் சொன்னார். ஒரு தசையிலுள்ள இழைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வேலைக்கு வருவதில்லை. மிகச் சிறிய விசைக்குக்கூட முதலில் எழுந்துவரும் மெல்லிய இழைகள் சில உண்டு. விசை கூடக் கூடப் பெரிய இழைகள் வந்து சேரும். விசை தளரும்போது பெரியவை முதலில் விடைபெறும், மெல்லியவை கடைசிவரை நிற்கும். தசை முழுவதும் தளர்ந்தால்தான் அவற்றுக்கு ஓய்வு. எல்லோருக்கும் முன் எழுந்து எல்லோருக்கும் பின் படுக்கும் சிண்ட்ரெல்லாவின் பெயரையே அவற்றுக்கு அவர் வைத்தார். என் வலது தோள் ஒரு விரற்கடை உயர்ந்து நின்ற அந்த மணிக்கணக்கான நேரத்தில், பெரிய இழைகள் எதுவும் களைத்திருக்காது. ஒரு கைப்பிடி மெல்லிய இழைகள் மட்டும் காலையிலிருந்து இமை மூடாமல் நின்றிருக்கும். பளு சிறியதாக இருக்கிறது என்பதால் தீங்கும் சிறியதாக இருக்கும் என்று நினைப்பது எவ்வளவு தவறு என்று எனக்குப் புரிந்த இடம் இதுதான். கனமான பெட்டியைத் தூக்குபவர் அதைக் கீழே வைத்துவிடுகிறார். நான் தூக்கியிருப்பது எனக்கே தெரியாததால் அதைக் கீழே வைக்க எனக்குத் தோன்றுவதில்லை.

ஆகவே, அசைவு என்பதை நான் உடற்பயிற்சியாகப் பார்ப்பதில்லை. உடற்பயிற்சிக்கு அதற்குரிய இடம் உண்டு. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. அதை மேசையடியில் ஈடுகட்ட முடியாது. அதே வழிகாட்டுதல், உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் குறைத்து அந்த இடத்தில் எவ்வளவு இலேசான அசைவை வைத்தாலும் நன்மைதான் என்றும் சொல்கிறது. அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவிடும் ஆற்றலை ஓர் அலகாகக் கொண்டால், ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல் மூன்று மடங்குக்குள் அடங்குவதெல்லாம் இலேசான அசைவு. மெல்ல நடப்பது, நின்றபடி தாள்களை அடுக்குவது, குதிகாலை ஏற்றி இறக்குவது ஆகியவை வியர்வையோ மூச்சிரைப்போ தருவதில்லை. பக்கத்து மேசைக்காரர் தலை நிமிர்ந்து பார்க்கும் அளவுக்குக்கூட அவற்றில் எதுவும் இல்லை.

இவ்வளவு சிறியது எதையாவது மாற்றுமா என்ற ஐயம் எனக்கும் இருந்தது. அதைத் தீர்த்தது அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்தில் செய்து 2016-இல் வெளியிடப்பட்ட ஓர் எளிய ஆய்வு. நலமான இளைஞர்கள் பதினொரு பேரை மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். ஒரு காலை மட்டும் ஒரு நிமிடம் ஆட்டிவிட்டு நான்கு நிமிடம் ஓய்வு கொடுக்க வேண்டும், மற்றக் காலை அசைக்கவே கூடாது. முடிவில் இரு முழங்கால்களுக்குப் பின்னாலும் ஓடும் தமனியைச் சோதித்தபோது, அசையாத காலில் தமனியின் விரியும் திறன் குறைந்திருந்தது. ஆட்டிய காலில் அது குறையாததோடு சற்றுக் கூடியும் இருந்தது. ஒரே ஆள், ஒரே நாற்காலி, ஒரே மூன்று மணி நேரம். காலை ஆட்டாதே என்று எத்தனை வகுப்பறைகளில் எத்தனை குழந்தைகள் அதட்டப்பட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கெண்டைக்கால் சுருங்கும்போதெல்லாம் கால்நாளங்களில் தேங்கும் குருதியை மேலே தள்ளுகிறது; அது சும்மா இருந்தால் அந்த வேலையில் பெரும்பங்கு நின்றுபோகிறது.

காலில் நடப்பது தலைக்கும் எட்டுகிறது. இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தினர் அலுவலகப் பணியாளர் பதினைந்து பேரை நான்கு மணி நேரம் மேசைமுன் வைத்து மூளைக்குச் செல்லும் குருதியோட்டத்தை அளந்து 2018-இல் வெளியிட்டார்கள். எழுந்திருக்காமல் இருந்தபோது ஓட்டம் குறைந்தது. அரை மணிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் மெல்ல நடந்தபோது அந்தக் குறைவு ஏற்படவில்லை. இரண்டு மணிக்கு ஒருமுறை எட்டு நிமிடம் நடந்தபோது அதே பலன் கிட்டவில்லை. மொத்த நடை ஏறக்குறைய ஒன்றுதான். அதை எப்படிப் பங்கிடுகிறோம் என்பதில்தான் வேறுபாடு. கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் 2023-இல் வெளியிட்ட, இதுவும் பதினொரு பேரைக் கொண்ட ஆய்வில், அரை மணிக்கு ஐந்து நிமிட நடை இரத்தச் சர்க்கரையைக் குறைத்தது; இரத்த அழுத்தமும் நான்கைந்து புள்ளிகள் இறங்கியது; சோர்வு குறைந்து மனநிலையும் தெளிந்தது. இவை எல்லாம் சிறிய ஆய்வுகள், ஓரிரு நாள் அளவீடுகள். ஆயினும் வெவ்வேறு உறுப்புகளை அளந்தவர்கள் ஒரே பக்கம் கை காட்டுகிறார்கள்: சிறிதாக, அடிக்கடி. முன்பெல்லாம் மதியம் ஒரே மூச்சாக அரை மணி நேரம் நடந்துவிட்டு, கடமை முடிந்தது என்று காலையும் மாலையும் கல்லாக உட்கார்ந்திருப்பேன். இப்போது அந்தக் கணக்கை மாற்றிக்கொண்டுவிட்டேன்.

எந்த வேலைக்கு எந்த அசைவு என்பதைப் பற்றித்தான் பலரும் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் குறை. இரண்டு ஆண்டுகளாகப் பலவற்றையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் உயர மேசை வாங்கினேன். நின்றுகொண்டு வேலை செய்தேன். ஒரு வாரத்தில் இடுப்பும் பாதமும் வலித்தன. குனிந்து பார்த்தபோது முழங்கால்கள் இரண்டும் பூட்டியதுபோல் விறைத்திருந்தன. உட்கார்ந்து சிலையாக இருந்தவன் நின்று சிலையாகியிருந்தேன். மாறிக்கொண்டே இருந்தால்தான் அந்த மேசையால் பயன். பிறகு நண்பர் ஒருவரின் அலுவலகத்தில் நடைப்பொறி பொருத்திய மேசையைப் பயன்படுத்திப் பார்த்தேன். கடிதங்களைப் படிக்கவும் தொலைபேசியில் பேசவும் அது மிக நன்றாக இருந்தது. அட்டவணையைத் திறந்ததும் நிலைமை மாறிவிட்டது. ஒவ்வோர் அடிக்கும் தலை சிறிது ஏறி இறங்க, கண் வரி தவறியது; மவுஸின் அம்பு நான் சொன்ன கட்டத்தில் நிற்கவில்லை; தட்டச்சில் பிழை பெருகியது. பிழை பெருகப் பெருக அழுத்தமும் பெருகியது. கை நுட்பம் வேண்டும் வேலையின்போது நடப்பது எனக்குச் சரிவரவில்லை. மேசைக்கடியில் வைக்கும் சிறிய மிதிப்பொறி அதைவிடப் பொருந்தியது. அதில் இடுப்புக்கு மேலே உடம்பு நிலையாக இருப்பதால் கண்ணுக்கும் கைக்கும் தொல்லை குறைவு. ஆனால் எதிர்விசையைக் கூட்டிவைத்தால் மூச்சு வாங்கி, கவனம் காலுக்குப் போய்விடும். மிகக் குறைந்த எதிர்விசையில், காலுக்கு வேலை இருக்கிறது என்பதே மறந்துபோகும் வேகத்தில் மிதித்தால்தான் படிக்க முடிகிறது.

புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டிய வேளைக்கு நடையைப் போல் துணை வேறில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மரிலி ஒப்பெஸ்ஸோவும் டேனியல் ஷ்வார்ட்ஸும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், நடப்பவர்களுக்கு உட்கார்ந்திருப்பவர்களைவிட ஏறத்தாழ 60 விழுக்காடு கூடுதலாகப் புதிய யோசனைகள் தோன்றின. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி நடைப்பொறியில் நடந்தாலும் அப்படித்தான். ஒரே ஒரு சரியான விடையுள்ள புதிர்களில் மட்டும் நடை கைகொடுக்கவில்லை. நடந்தவர்கள் சற்றுப் பின்தங்கவும் செய்தார்கள். என் தொழிலில் முக்கால் பங்கும் அந்த இரண்டாம் வகை. எனவே ஒரு வரிசை எண்களை ஒப்பிடும் அந்த முக்கால் நிமிடத்தில் நான் எதையும் அசைப்பதில்லை. அசைவு முழுவதையும் வரிசைக்கும் வரிசைக்கும் இடையே வைத்துக்கொண்டேன்.

அந்த இடைவெளியில் செய்வது இவ்வளவுதான். வரிசையின் கடைசி எண்ணில் அடையாளம் இட்டதும் மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுகிறேன். கை அங்கேயே இருக்கும்வரை தோள் இறங்குவதில்லை என்பதைப் பல நாள் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இரண்டு தோள்களையும் வேண்டுமென்றே காதுவரை உயர்த்தி, இறுக்கி, விட்டுவிடுகிறேன். தன்னை அறியாமல் பாதி இறுகிய தசையை "தளர்ந்துகொள்" என்று சொன்னால் அதற்குக் கேட்பதில்லை. முழுவதும் இறுக்கிவிட்டு விட்டால் தளர்ச்சி எது என்று அதற்குத் தெரிகிறது. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1920-களில் வளர்த்தெடுத்த தசைத் தளர்ச்சி முறையின் அடிப்படையும், இறுக்கத்தையும் தளர்ச்சியையும் பிரித்துணரப் பழகுவதுதான். பிறகு இரு குதிகால்களையும் பத்துப் பன்னிரண்டு முறை ஏற்றி இறக்குகிறேன். அதோடு மூச்சை மெதுவாக, உள்ளே இழுத்த நேரத்தைவிடக் கூடுதலான நேரம் எடுத்து, வெளியே விடுகிறேன். எல்லாம் சேர்த்து இருபது விநாடி. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, இரண்டு நிமிடம் அறையின் கடைசிச் சுவர்வரை போய் வருகிறேன். கடினமான அட்டவணை ஒன்றை முடித்து அனுப்பிய உடனே மட்டும் அந்த இரண்டு நிமிடத்தைப் பத்து நிமிடமாக்கிக்கொள்கிறேன். உடம்பு திரட்டிய ஆயத்தம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும் என்று இப்போது தெரியும்.

என்னோடு வேலை செய்யும் தோழி ஒருவர் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துபவர். "எழுந்து நடங்கள்" என்று தொடங்கும் அறிவுரை எதுவும் தனக்காக எழுதப்பட்டதில்லை என்று ஒருநாள் என்னிடம் வருத்தத்தோடு சொன்னார். அவர் அரை மணிக்கு ஒருமுறை நாற்காலியின் பூட்டை விடுவித்து, கைகளால் முன்னும் பின்னுமாக உருட்டிக்கொள்கிறார். கைப்பிடிகளை அழுத்தி உடம்பைச் சற்று மேலே தூக்கி இறக்குகிறார். தோளும் கையும் பெரிய தசைகள்தாம். ஆயத்தமாகி நின்ற குருதிக்கு அங்கும் வேலை கிடைக்கிறது.

அசைவை நான் நம்புவதாலேயே மற்றொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய இடத்தில், நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை "எழுந்து நில்லுங்கள், தோள்களைச் சுழற்றுங்கள்" என்று திரையில் அறிவிப்பு வரும்படி ஏற்பாடு செய்தார்கள். அதே மாதம், பத்து நாள் கொடுத்துவந்த மெய்ப்புக்கு ஆறு நாள் என்று குறைத்தார்கள். அறிவிப்பு வந்ததும் அறை முழுவதும் ஒரே நேரத்தில் கைகள் அசைந்து அதை மூடிவிடும். ஒருவரும் எழுந்து நான் பார்த்ததில்லை. எழுந்திருக்கும் இரண்டு நிமிடம் அந்த ஆறு நாளிலிருந்துதான் போக வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ராமஸீனியின் மூன்றாவது காரணத்தை இரட்டிப்பாக்கிவிட்டு முதல் காரணத்துக்கு நினைவூட்டல் அனுப்புவது நியாயம் ஆகாது. எண்ணிக்கையும் கெடுவும் மனிதருக்கு மிஞ்சியிருந்தால், அதைத் தோளைச் சுழற்றித் தீர்க்க முடியாது; உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும். அந்த அறையில் வேலை செய்த ஒருவர் நெஞ்சுப் படபடப்போடு மருத்துவரிடம் போய், "இன்னும் நிறைய நடங்கள்" என்ற அறிவுரையோடு திரும்பி வந்தார். அவருக்குத் தேவையாயிருந்தது அந்த நான்கு நாள்.

அங்கிருந்து நான் வெளியேறியபோது வலியும் கூடவே வந்தது. பணியிடம் மாறியதால் மட்டும் அது போய்விடவில்லை. நேரத்தை என் விருப்பப்படி பங்கிட முடிந்த பிறகும் கால்விரல்கள் நாற்காலியைக் கவ்விக்கொண்டுதான் இருந்தன. சூழல் சரியானதாலேயே உடம்பு தானாகப் பழக்கத்தை விட்டுவிடுவதில்லை. இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டியிருக்கிறது.

இயன்முறை மருத்துவரிடம் இரண்டாம் முறை போனபோது, பார்த்ததைச் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. "விரலை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். எடுத்த இடத்தில் எதையாவது வையுங்கள்" என்றார். அன்றே ஒரு பழைய டென்னிஸ் பந்தை மேசைக்கடியில் போட்டேன். இப்போது செருப்பைக் கழற்றியதும் உள்ளங்கால் தானாக அதைத் தேடிப்போகிறது. எண்களை ஒப்பிடும்போது பந்து அசையாமல் பாதத்தின் கீழே இருக்கும். வரிசை முடிந்து அடையாளம் விழுந்ததும் குதிகாலிலிருந்து விரல்வரை ஒருமுறை உருண்டு திரும்பும். பந்தின் மேலிருந்த பச்சைப் பஞ்சு ஒரு பக்கம் முழுவதும் தேய்ந்து, உள்ளே இருக்கும் கறுத்த ரப்பர் தெரியத் தொடங்கிவிட்டது.